கையெழுத்து மனுவா, வேலைநிறுத்தமா, புரட்சியா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். வேலைநிறுத்தம், சீர்திருத்தம், புரட்சி என்ற மூன்றில் எது உண்மையில் அரசியலை மாற்றும் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே நுவரெலியா மாவட்டத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை செய்வதையும், சம்பளப் பிரச்சினைக்கு உங்கள் சங்கம் "முதலில் கையெழுத்து மனு, பிறகு பார்ப்போம்" என்று இழுத்தடிப்பதையும், 3.5 சதவீத மக்கள் தெருவில் இறங்கினால் எந்த அரசும் விழும் என்று ஒரு காணொளியில் கேட்டதையும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நீங்கள் கேட்பது வேறு. 2022இல் ஒரு ஜனாதிபதியையே நாட்டை விட்டு ஓடவைத்த மக்கள், இன்னும் ஏன் மனு எழுதி மினக்கெட வேண்டும் என்பதுதான் உங்கள் கேள்வி. நியாயமான கேள்வி. நான் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் படிப்பித்து 2022இல் ஓய்வு பெற்றவன். ஆசிரியர் சங்கத்திலும் சில வருடம் கிளைப் பொறுப்பில் இருந்தேன். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துச் சொல்கிறேன். உலகக் கோட்பாடு எல்லாம் எனக்கு அவ்வளவு வராது. நம் நாட்டு வரலாறு கொஞ்சம் வரும்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். இந்த மூன்றையும் ஒரு சந்தியில் பிரிகிற மூன்று தெரு மாதிரி வரிசையில் வைப்பது பாடப்புத்தகப் பழக்கம். நானும் அப்படித்தான் வகுப்பில் கரும்பலகையில் எழுதினேன். ஆனால் வேலைநிறுத்தம் ஒரு கருவி. சீர்திருத்தமும் புரட்சியும் விளைவுகள். ஒரே வேலைநிறுத்தம் சட்டத் திருத்தத்திலும் முடியலாம், ஆட்சி கவிழ்வதிலும் முடியலாம், நாற்பதாயிரம் பேர் வேலை இழப்பதிலும் முடியலாம். நம் நாட்டில் மூன்றும் நடந்திருக்கிறது.

1953இலிருந்து தொடங்குகிறேன். முந்தைய வருடத் தேர்தலில் டட்லி சேனநாயக்க கூப்பன் அரிசியை, அதாவது பங்கீட்டில் கொடுக்கும் மானிய அரிசியை, 25 சதத்துக்கே தருவோம் என்று சொல்லி வென்றார். கொரியப் போர் முடிகிற காலம். இறப்பர் விலை விழுந்தது, வெளியிலிருந்து வாங்கும் அரிசியின் விலையோ உச்சத்தில். நிதி அமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன ஜூலை மாதத்தில் மானியத்தை வெட்டினார். 25 சதம் இருந்த கூப்பன் அரிசி 70 சதமானது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மதிய உணவு நின்றது. தபால் கட்டணமும் ரயில் கட்டணமும் ஏறின. ஒரு குடும்பத்தின் அடுப்பு, பிள்ளையின் வயிறு, ஊருக்குப் போகும் டிக்கெட் என்று எல்லாவற்றிலும் ஒரே மாதத்தில் கை வைத்தால் என்ன நடக்கும் என்று அரசு யோசித்திருக்க வேண்டும்.

ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால், அதாவது வேலையும் கடையும் எல்லாம் நிறுத்துவது. சமசமாஜக் கட்சி முன்னின்றது, மற்ற இடதுசாரிகளும் சேர்ந்தார்கள், தமிழரசுக் கட்சியும் ஆதரித்தது. இதைத் தொழிற்சங்க வேலைநிறுத்தம் என்று மட்டும் சொன்னால் பாதியைத்தான் சொன்னதாகும். தொழிற்சாலைக்காரன் வேலைக்குப் போகவில்லை, கடைக்காரன் கடை திறக்கவில்லை, மீனவனும் விவசாயியும் ரோட்டுக்கு வந்தார்கள். மேற்கு, தெற்குக் கரையோரத்தில் தண்டவாளங்களைக் கழற்றினார்கள், தந்திக் கம்பிகளை வெட்டினார்கள், மரங்களை வெட்டி வீதியில் போட்டார்கள். அமைச்சரவை தரையில் கூடப் பயந்து, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூஃபவுண்ட்லேண்ட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறிக் கூடியது. சுதந்திரம் வாங்கி ஐந்தே வருடம் ஆன ஒரு நாட்டின் அமைச்சர்கள், சொந்த மக்களுக்குப் பயந்து வெள்ளைக்காரன் கப்பலில் உட்கார்ந்திருந்தார்கள்! இந்த இடத்தை வகுப்பில் சொல்லும்போது கடைசி வாங்குப் பையன்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அவசரகாலச் சட்டம் வந்தது, ஊரடங்கு வந்தது, பொலிஸார் சுட்டதில் உயிர்கள் போயின. ஒக்டோபரில் டட்லி பதவி விலகினார். சேர் ஜோன் கொத்தலாவல பிரதமரானார். அரிசி விலை கொஞ்சம் குறைந்தது, ஆனால் 25 சதத்துக்குத் திரும்பவில்லை. ஒரே ஒரு நாள் வேலைநிறுத்தம் ஒரு பிரதமரை வீட்டுக்கு அனுப்பியது. ஆட்சிக் கட்சி அதேதான். அமைச்சரவையும் பெரும்பாலும் அதேதான்.

ஹர்த்தாலை ஒரு நாளோடு நிறுத்தியது தலைவர்களின் கோழைத்தனம், இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் புரட்சி வந்திருக்கும் என்று சொல்கிற தோழர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். நான் அதை நம்பவில்லை. இது என் கருத்து, நிரூபிக்கக் கூடிய ஒன்றல்ல. எழுச்சி பெரும்பாலும் ஒரு கரையோரத்தில்தான் இருந்தது. நாட்டின் அந்நியச் செலாவணியை உழைத்துக் கொடுத்த மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வாக்குரிமையோ 1948, 1949 சட்டங்களால் ஏற்கனவே பறிபோயிருந்தது. தேயிலை மலையும் கரையோரமும் சேராமல் கொழும்பு அரசை யாரும் முழுதாக முடக்க முடியாது.

1953இன் உண்மையான அறுவடை 1956இல்தான் நடந்தது. அதை அறுத்தது விதைத்தவர்கள் இல்லை. ஐக்கிய தேசியக் கட்சி மீதிருந்த கோபத்தை எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க வாரிக்கொண்டார். அரிசிக் கோபம் மொழிக் கோபமாக மாறியது. ஹர்த்தாலில் சிங்களவனும் தமிழனும் சேர்ந்து கடையைப் பூட்டி மூன்று வருடத்தில் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. அந்த விவாதத்தில் சமசமாஜத் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா, ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு என்ற கருத்தில் பேசியது நம் எல்லோருக்கும் மனப்பாடம். அதே கொல்வின் அமைச்சராக இருந்து ஆக்கிய 1972 அரசியலமைப்பு சிங்களத்தை ஆட்சி மொழியாக உறுதிசெய்தது, பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது, சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த பழைய 29ஆம் பிரிவைக் கைவிட்டது. தெருவில் வென்றவர்கள் மேசைக்குப் போனதும் என்ன ஆனார்கள் என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் எனக்குத் தெரியாது.

கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1947 மே, ஜூன் மாதங்களில் அரச ஊழியர்கள் பெரிய வேலைநிறுத்தம் ஒன்று செய்தார்கள். ஜூன் 5ஆம் திகதி ஊர்வலம் மீது பொலிஸார் சுட்டதில் கந்தசாமி என்ற எழுதுவினைஞர் இறந்தார். அவர் ஒரு தமிழர்; சிங்கள, தமிழ் ஊழியர்கள் சேர்ந்து போன ஊர்வலத்தில் விழுந்தவர். அந்த நாட்களில்தான், அவசரகால நிலையை அறிவிக்க அரசுக்கு அதிகாரம் தரும் பொதுப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. 1953இல் அதைத்தான் எடுத்தார்கள். 1958இல், 1971இல், 1980இல், பிறகு 2022இலும். வேலைநிறுத்தக்காரர் ஒரு தடவை கற்றுக்கொண்டால் அரசு இரண்டு தடவை கற்றுக்கொள்ளும் என்று எங்கள் சங்கத்தில் ஒருவர் சொல்வார். அபிவிருத்தி உத்தியோகத்தரான நீங்கள் வேலையை நிறுத்தினால் "அத்தியாவசிய சேவை" என்று ஒரு வர்த்தமானி வருமே, அதற்கும் வேர் அந்தப் பக்கம்தான்.

அரசு எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டது என்பதை 1980 ஜூலையில் பார்த்தோம். மாதம் 300 ரூபாய் சம்பள உயர்வு என்பது முக்கியக் கோரிக்கை. ரயில்வே, அரச திணைக்களங்கள் என்று பரவியது. 1953இல் அரிசி மானியத்தை வெட்டிய அதே ஜே.ஆர். இப்போது நிறைவேற்று ஜனாதிபதி. நாடாளுமன்றத்தில் ஆறில் ஐந்து பங்கு அவர் கையில். திகதி போட்டு, அதற்குள் வேலைக்குத் திரும்பாதவர் எல்லோரும் பதவியை வறிதாக்கியவர்கள் என்று அறிவித்தார். சுமார் 40,000 பேர் வேலை இழந்தார்கள்.

பின்னாளில் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் ஒருவர் அந்த 40,000 பேரில் ஒருவர். அப்போது அவர் ஒரு திணைக்களத்தில் எழுதுவினைஞர், வயது 26. திரும்பிப் போகச் சொன்ன கடைசி நாளன்று காலையில் கந்தோர் வாசல் வரை போயிருக்கிறார். உள்ளே வரவுப் பதிவுப் புத்தகம் மேசையில் திறந்து கிடக்கிறது, பக்கத்தில் பேனை. மேலதிகாரி ஒன்றும் பேசவில்லை, தலையைக் குனிந்துகொண்டிருந்தாராம். இவர் பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பி, பஸ் எடுத்து வீட்டுக்குப் போய்விட்டார். வாசலில் கூட நின்ற நான்கு பேரில் இரண்டு பேர் கையெழுத்து வைத்தார்கள். அந்த இரண்டு பேர் மீது அவருக்குக் கோபமே இல்லை. "ஒருவனுக்கு மூன்று பிள்ளை, மற்றவனுக்குத் தங்கச்சி கலியாணம். சங்கம் அவர்களுக்கு ஒரு மாதச் சாப்பாட்டுக்கு வழி சொல்லவில்லையே" என்பார். அவர் ஏழு வருடம் வீட்டு விறாந்தையில் டியூஷன் சொல்லிக் கொடுத்துத்தான் தப்பினார். வேலைநிறுத்த நிதி என்று யாராவது வாய் திறந்தாலே இந்த மனிதரின் முகம்தான் எனக்கு ஞாபகம் வரும்.

1953 வென்றது, 1980 தோற்றது. ஏன்? கோரிக்கையின் அகலம் முதல் காரணம் என்று நினைக்கிறேன். கூப்பன் அரிசி எல்லாருடைய பிரச்சினை. 300 ரூபாய் மாதச் சம்பளக்காரனின் பிரச்சினை. கடைக்காரனும் மீனவனும் 1980இல் வேடிக்கை பார்த்தார்கள். வேலை தேடி வரிசையில் நின்ற இளைஞர்கள், காலியாகும் ஒவ்வொரு கதிரையையும் தங்களுக்கான கதிரையாகப் பார்த்தார்கள். அப்புறம், ஆளும் கட்சியின் தொழிற்சங்கமே வேலைநிறுத்தத்தை உடைக்க ஆள் அனுப்பியது. இவ்வளவும் உறுதியாகச் சொல்லலாம். சங்கங்கள் அன்று உடையாமல் இருந்திருந்தால் மூன்று வருடம் கழித்து 1983 ஜூலையில் கொழும்புத் தெருக்களில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையைத் தடுக்க யாராவது இருந்திருப்பார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதை நம்ப ஆசைதான். ஆனால் ஆசையைச் சான்றாகக் காட்ட முடியாது.

இனி உங்கள் மலைக்கு வருகிறேன். வேலைநிறுத்தம் சட்டத்தை மாற்றியதற்கு மிகச் சுத்தமான உதாரணம் அங்கேதான் இருக்கிறது. அதை உங்கள் பாட்டிதான் என்னைவிட நன்றாகச் சொல்வார். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத்து இந்திய வம்சாவளி மனிதரைப் பங்கு பிரித்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று. 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். ஆக இந்தியாவின் பங்கு 600,000. ஆனால் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 506,000 பேர்தான். மீதி 94,000 பேர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். வாக்கு இல்லை, அரச வேலைக்கு விண்ணப்பிக்க வழியில்லை.

1986 ஜனவரியில், தைப்பொங்கலை ஒட்டி, தோட்டத் தொழிலாளரின் சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் பிரார்த்தனை இயக்கம் என்று ஒன்றை அறிவித்தது. காலையில் கொழுந்துக்குப் போகாமல் கோயிலிலும், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தின் முற்றத்திலும் உட்கார்ந்து பிரார்த்தனை செய்வது. வேலைநிறுத்தம் என்று அதற்குப் பெயர் வைக்கவில்லை. சாமி கும்பிடுகிறவனைச் சுட எந்தச் சட்டத்தை எடுப்பது? இன்னொரு வேடிக்கை, இதை அறிவித்த சௌமியமூர்த்தி தொண்டமான் அப்போது ஜே.ஆரின் அமைச்சரவையிலேயே அமைச்சர். தன் அரசுக்கு எதிராகத் தானே பிரார்த்தனை! சில நாட்களிலேயே அரசு இறங்கி வந்தது. அதே வருடம் சட்டம் வந்து அந்த 94,000 பேருக்கும் குடியுரிமை கிடைக்க வழி பிறந்தது. எஞ்சிய சிக்கல்கள் 1988, 2003 சட்டங்கள் வரை இழுபட்டன, அது வேறு கதை.

அரசு இறங்கியதற்கு மூன்று காரணம் தெரிகிறது. வடக்கில் போர் தீவிரமாகிக்கொண்டிருந்தது, மலையகமும் எழுந்தால் தாங்காது. தேயிலைக் கொழுந்து அரிசி மூட்டை மாதிரி இல்லை, இரண்டு வாரம் பறிக்காவிட்டால் முற்றிவிடும், டொலர் போய்விடும். மூன்றாவது, கோரிக்கை ஒரே வரியில் எழுதக் கூடியதாக இருந்தது. அமைச்சர் ஒருவர் மேசையில் வைத்துக் கையெழுத்திடக் கூடிய கோரிக்கை. ஆனால் இதையும் அளவுக்கு மீறிப் புகழக் கூடாது. குடியுரிமை வந்தது, லயம் அப்படியே இருந்தது. பறித்த கொழுந்து நிறை குறைந்தால் "அரைப் பேர்" போடுவது, அதாவது பாதி நாள் கூலி கொடுப்பது, அதுவும் அப்படியே இருந்தது. நாட்டுரிமையை வென்ற அதே கை தன் நாட்கூலிக்காகப் பிறகும் பல தடவை மலையிறங்க வேண்டியிருந்தது.

புரட்சி பற்றிக் கேட்டீர்கள். இதில் நான் கொஞ்சம் அடக்கி வாசிக்கிறேன், காரணம் உங்களுக்கு விளங்கும். 1971 ஏப்ரல் 5ஆம் திகதி ஜே.வி.பி. என்ற மக்கள் விடுதலை முன்னணியின் இளைஞர்கள் பொலிஸ் நிலையங்களைத் தாக்கினார்கள். அந்த எழுச்சியை நசுக்கிய அரசில் 1953 ஹர்த்தாலை நடத்திய சமசமாஜத் தலைவர்கள் அமைச்சர்களாக இருந்தார்கள், என்.எம். பெரேரா நிதி அமைச்சர். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இறந்தார்கள். 1987 முதல் 1989 வரை மறுபடியும், இன்னும் கொடூரமாக, இரண்டு பக்கமும். அந்தக் காலத்தில் தெற்கில் ஒரு துண்டுக் கடதாசி வந்தால் ஊரே கடை பூட்டியது. பார்வைக்கு அதுவும் ஹர்த்தால்தான். 1953இல் கடைக்காரன் கோபத்தில் பூட்டினான், 1989இல் பயத்தில் பூட்டினான். பயத்தில் பூட்டிய கடையை எண்ணி ஆதரவு என்று கணக்குப் போட்டவர்கள் ஏமாந்தார்கள். வடக்கு கிழக்கிலும் இந்த இரண்டு வகைக் கடையடைப்பையும் பார்த்தவர்கள் நாங்கள்.

எங்கள் பக்கத்தில் ஆயுதம் வந்தது சீர்திருத்தம் கேட்காமல் இல்லை. 1957இல் தமிழ்ப் பகுதிகளுக்கு அதிகாரம் பகிர்வதாகச் சொன்ன பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம், அடுத்த வருடமே கிழிந்தது. 1961இல் கச்சேரிகளை, அதாவது மாவட்ட அரச அலுவலகங்களை, மறித்துச் சத்தியாக்கிரகம் நடந்தது. ஏறத்தாழ இரண்டு மாதம் வடக்கு கிழக்கின் அரச நிர்வாகம் அசையவில்லை, தமிழரசுக் கட்சி தானே முத்திரை அடித்துத் தபால் சேவையும் தொடங்கியது. ஏப்ரலில் அவசரகாலச் சட்டம், இராணுவம், கைது. 1965இல் டட்லி–செல்வா ஒப்பந்தம், அதுவும் போனது. 1976இல் தனித் தமிழ் நாடு கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம். இதில் எந்தப் படி தவிர்த்திருக்கக் கூடியது என்று கேட்டால் பத்துப் பேர் பத்துப் பதில் சொல்வார்கள். நான் உறுதியாகச் சொல்லக் கூடியது ஒன்று உண்டு. 1961 சத்தியாக்கிரகத்தில் தெற்கின் தொழிற்சங்கம் எதுவும் ரயிலை நிறுத்தவில்லை. கச்சேரி முடங்கியது யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும். கொழும்புக்கு அது அடுப்பில் கை வைத்த பிரச்சினை இல்லை.

சரி, 2022. அது புரட்சியா? மார்ச் 31 இரவு மிரிஹானவில் ஜனாதிபதியின் வீட்டுக்கு முன்னால் சனம் கூடியது. ஏப்ரல் 9 முதல் கொழும்புக் காலிமுகத்திடலில் போராட்டக்காரரின் கூடாரங்கள். ஏப்ரல் 28, மே 6 ஆகிய நாட்களில் நாடு தழுவிய வேலைநிறுத்தம். இரண்டாவது நாள் இரவே அவசரகாலச் சட்டம். மே 9இல் ஆளும் கட்சி ஆதரவாளர்கள் போராட்டக்காரரைத் தாக்கினார்கள், பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ பதவி விலகினார், அன்று நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் கொல்லப்பட்டார், அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்தன. ஜூலை 9இல் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது.

ஜூலை 9 பற்றி ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். பெற்றோல் இல்லை, பஸ் இல்லை. முந்தைய இரவு போட்ட பொலிஸ் ஊரடங்கு சட்டவிரோதம் என்று சட்டத்தரணிகள் எதிர்க்க, காலையில் அதை எடுத்தார்கள். அப்போது கண்டி, காலி போன்ற நிலையங்களில் கூடிய சனம் என்ன செய்தது? ரயிலை நிறுத்தவில்லை. ரயிலை ஓட்டு என்று நிலைய அதிகாரிகளை நெருக்கி, அதில் ஏறிக் கொழும்புக்கு வந்தது! 1953இல் தண்டவாளத்தைக் கழற்றியவர்களின் பேரப்பிள்ளைகள் 2022இல் வண்டியை ஓடவைத்து அரசை வீழ்த்தினார்கள். வேலையை நிறுத்துவது மட்டும்தான் தொழிலாளியின் பலம் என்று இருபது வருடத்துக்கு மேல் வகுப்பில் சொல்லிவந்த நான், அன்று தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து என் குறிப்புகளைத் திருத்திக்கொண்டேன்.

ஜூலை 14இல் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ சிங்கப்பூரிலிருந்து பதவி விலகினார். ஜூலை 20இல் அதே நாடாளுமன்றம் 134 வாக்குகளால் ரணில் விக்ரமசிங்கவை ஜனாதிபதியாக்கியது. ஜூலை 22 விடிவதற்கு முன்னால் இராணுவம் காலிமுகத்திடலைத் துடைத்துவிட்டது. ஒக்டோபரில் 21ஆவது திருத்தம் ஜனாதிபதியின் அதிகாரத்தைக் கொஞ்சம் குறைத்தது. நிறைவேற்று ஜனாதிபதி முறை போகவில்லை, பயங்கரவாதத் தடைச் சட்டமும் போகவில்லை. இதை எந்த இலக்கணத்தில் புரட்சி என்பது? நான் எழுச்சி என்பேன். ஆனால் 2024ஐப் பார்க்காமல் அந்தக் கணக்கை முடிக்க முடியாது. 2020இல் வெறும் 3 ஆசனம் எடுத்த, ஜே.வி.பி. தலைமையிலான தேசிய மக்கள் சக்தி 2024 நவம்பரில் 225இல் 159 எடுத்தது. யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனத்தில் 3 அவர்களுக்கு. இரண்டு தடவை துப்பாக்கி தூக்கித் தோற்ற ஜே.வி.பி., வாக்குப் பெட்டி வழியாக வந்து உட்கார்ந்தது. காலிமுகத்திடலில் எத்தனையோ குழுக்கள் இருந்தன. ஊர் தோறும் கிளையும், சந்தாப் புத்தகமும், சுவரொட்டி ஒட்ட ஆளும் வைத்திருந்தவர்களுக்குத்தான் இரண்டு வருடம் கழித்துப் பலன் போனது. 1953இன் பலனைப் பண்டாரநாயக்க எடுத்த மாதிரித்தான், இந்தத் தடவை எடுத்தவர்கள் வேறு.

நீங்கள் சொன்ன 3.5 சதவீதம் அமெரிக்க அரசறிவியலாளர் எரிக்கா செனோவெத் சொன்னது. அவரும் மரியா ஸ்டீபனும் 1900 முதல் 2006 வரையான முந்நூறுக்கும் அதிகமான போராட்டங்களை எடுத்து ஆராய்ந்து, ஆயுதமில்லாப் போராட்டங்களில் ஏறத்தாழ பாதியும், ஆயுதப் போராட்டங்களில் கால் பங்கும் வென்றதாகக் கண்டார்கள். ஒழுங்கான ஆய்வு. ஆனால் 3.5 என்பது கடந்த காலத்தைப் பார்த்துப் போட்ட கைக்கணக்கு, அதை விதியாக எடுக்க வேண்டாம் என்று செனோவெத்தே சொல்லியிருக்கிறார். நம் 2.2 கோடிச் சனத்தில் 3.5 என்றால் சுமார் 770,000 பேர். அத்தனை பேர் ஒரே நாளில் தெருவில் நின்றார்களா என்பதை விடுங்கள். அந்த ஆய்வு அளந்தது ஆள் போனாரா என்பதை. போனவருக்குப் பின் வந்த சட்டம் உங்கள் பாட்டிக்கு என்ன செய்தது என்பதை அது அளக்கவில்லை. போலந்தைப் பாருங்கள். 1980இல் க்டான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் தொடங்கிய வேலைநிறுத்தத்திலிருந்து ஒரு கோடிப் பேர் சேர்ந்த சங்கம் பிறந்தது. அது மூன்றரை சதவீதம் இல்லை, நாட்டில் கால்வாசிக்கும் மேல். அப்படியும் 1981 டிசம்பரில் இராணுவச் சட்டம் வந்தது. 1989இல் வட்டமேசையில் உட்கார்ந்து பேசித்தான் தேர்தல் கிடைத்தது. நடுவில் ஏழு வருடத்துக்கு மேல் சங்கம் தலைமறைவில் உயிரோடு இருந்ததே, அதைத்தான் நான் பெரிதாக எண்ணுவேன்.

இப்போது உங்கள் மனுவுக்கு வருகிறேன். 2021இல் ஆசிரியர், அதிபர் சம்பள முரண்பாட்டுக்காக நாங்கள் இறங்கினோம். 24 வருடப் பழைய முரண்பாடு. மனு என்று பார்த்தால் ஒரு அலுமாரி நிறைய இருக்கும். ஜூலையில் சங்கத் தலைவர்கள் ஆர்ப்பாட்டம் ஒன்றில் கைதானார்கள். நீதிமன்றம் பிணை கொடுத்த பிறகும், கொவிட் தனிமைப்படுத்தல் என்று சொல்லிச் சிலரை முல்லைத்தீவு கேப்பாப்புலவு விமானப்படை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் ஒருவர் பெயர் ஜோசப் ஸ்டாலின். சத்தியமாக அதுதான் அவர் பெயர். அதோடு ஜூலை 12 முதல் ஆன்லைன் வகுப்பை நிறுத்தினோம். நூறு நாள் போனது. முடிவில் முரண்பாட்டில் மூன்றில் ஒரு பங்கு 2022 ஜனவரிச் சம்பளத்தில் சேர்ந்தது. அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் கொழும்பு விலைச் சுட்டெண்படி ஏறத்தாழ 70 சதவீதம். கிடைத்ததை விலைவாசி தின்றுவிட்டது.

அப்படியானால் அது தோல்வியா என்று கேட்டால், இல்லை என்பேன். பெற்றோர் எங்களைத் திட்டவில்லை; பல ஊர்களில் எங்களோடு வந்து நின்றார்கள். அதற்குக் காரணம் அந்த அலுமாரி நிறைய மனுதான். ஐந்து தடவை எழுதிக் கேட்டோம், ஒரு குழு போட்டார்கள், குழு அறிக்கை கொடுத்தது, அறிக்கையைத் தூக்கி மூலையில் போட்டார்கள் என்று கடையில் சாமான் வாங்குகிறவருக்கு எங்களால் இரண்டு நிமிடத்தில் சொல்ல முடிந்தது. 1980இல் என் நண்பரின் கந்தோர் வாசலில் நின்றவர்கள் அப்படி ஊரிடம் சொல்லவில்லை. மனுவால் அரசு அசையாது, அது உண்மைதான். ஆனால் கையெழுத்துக்காக ஒவ்வொரு பிரதேச செயலகமாகப் போகும்போது யார் வருவார், யார் வரமாட்டார், யாருக்கு வீட்டுக் கடன், யாருக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்று சங்கத்துக்குத் தெரியவரும்.

ஆகவே மனுவில் கையெழுத்துப் போடுங்கள். போட்டுவிட்டு, அடுத்த கூட்டத்தில் எழும்பி நின்று செயலாளரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். எந்தத் திகதிக்குள் பதில் வராவிட்டால் வேலையை நிறுத்துவோம்? அத்தியாவசிய சேவை வர்த்தமானி வந்தால் அடுத்த நாள் காலையில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? சம்பளம் நிற்கும் முதல் மாதத்தில், மூன்று பிள்ளைக்காரனுக்குச் சங்கம் எவ்வளவு கொடுக்கும்? முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் உற்சாகமான பதில் கிடைக்கும். மூன்றாவதற்குத் தொகை ஒன்று சொல்கிறாரா, பொருளாளர் பக்கம் திரும்பிப் பார்க்கிறாரா என்று கவனித்துவிட்டு வந்து எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு நாம் மேலே பேசுவோம்.